பிரைமரி இழுபறியானால் முடிவெடுப்பது யார்?

அமெரிக்க அதிபர் வேட்பாளரை, பிரைமரி எனப்படும் மாநிலவாரி உட்கட்சித் தேர்தலின் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அவர்கள் தீர்மானிப்பது கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவுசெய்ய வாக்களிக்கும் பிரதிநிதிகளின் கணக்கைத்தான். எவருக்கும் பெரும்பான்மை சேராவிட்டால் என்ன செய்வது? மாநாட்டிலேயே மோதிப் பார்க்கலாம். கட்சிப் பெரியவர்களிடம் பஞ்சாயத்தை விடலாம். இழுபறியே வராதபடி விதியை அமைத்துக்கொள்ளலாம்.

மாநாட்டு மோதல் என்றதும் எல்லோரும் சுட்டிக்காட்டுவது 1924. நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி கூடியது. ஒரு பக்கம் மதுவிலக்கை ஆதரித்த மெக்அடூ, மறுபக்கம் அதை எதிர்த்த கத்தோலிக்கரான ஆல் ஸ்மித். மாநிலங்களை அகரவரிசையில் அழைப்பார்கள் என்பதால் ஒவ்வொரு வாக்குச் சுற்றும் அலபாமாவில் தொடங்கும். அதன் ஆளுநர் எழுந்து, தங்கள் 24 வாக்குகளும் தங்கள் மாநில செனட்டர் அண்டர்வுட்டுக்கே என்று முழங்குவார். வானொலியில் கேட்டுக் கேட்டு நாட்டுக்கே அந்த வரி மனப்பாடமாயிற்று. 103-ஆவது சுற்றில் இருவரையும் விட்டுவிட்டு ஜான் டபிள்யூ. டேவிஸைப் பிடித்தார்கள். நவம்பரில் அவர் குடியரசுக் கட்சியின் கூலிட்ஜிடம் படுதோல்வி அடைந்தார்.

இதைக் காட்டி மாநாட்டு முறையே மோசம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முட்டுக்கட்டை போட்டதில் பெரும்பங்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற அக்கட்சியின் விதிக்கு உண்டு. 1912-இல் சாம்ப் கிளார்க் பாதிக்கு மேல் பெற்றும் அதே விதியால் தோற்றார். 46-ஆவது சுற்றில் வில்சன் வென்றார். 1936-இல்தான் அதைத் தூக்கி எறிந்தார்கள்.

குடியரசுக் கட்சிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 1976-இல் அதிபராக இருந்த ஃபோர்டும் அவரை எதிர்த்த ரீகனும் பிரைமரிகள் முடிந்தபோது பெரும்பான்மைக்குக் கீழேயே நின்றார்கள். எப்பக்கமும் சாயாத பிரதிநிதிகளுக்கு வெள்ளை மாளிகை அழைப்புகள் பறந்தன. ரீகனோ மாநாட்டுக்கு முன்பே மிதவாதியான ஷ்வைக்கரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்து வலை வீசினார். ரீகனின் சொந்த அணியினரே முகம் சுளித்தார்கள். ஃபோர்டுக்கு 1187, ரீகனுக்கு 1070. ஒரே சுற்றில் முடிந்தது. பேரம் நடந்தது, ஆனால் யார் யாரிடம் பேசினார் என்பது பெரும்பாலும் ஊரறிய நடந்தது.

பெரியவர்கள் வழி ஜனநாயகக் கட்சியுடையது. எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோருக்கு 1984 முதல் ‘சூப்பர் டெலிகேட்’ என்ற பெயரில், பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத தனி வாக்கு. 2008-இல் ஒபாமா, ஹிலாரி இருவருமே பிரைமரியில் வென்ற பிரதிநிதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பான்மையைத் தொடவில்லை. ஒபாமாவைக் கோட்டுக்கு அப்பால் தள்ளியது இவர்கள்தான். பிரைமரியில் முன்னணியில் இருந்தவரையே ஆதரித்ததால் பிரச்சினை எழவில்லை. பின்தங்கியவரைத் தூக்கிவிட்டிருந்தால் கட்சி உடைந்திருக்கும்.

குடியரசுக் கட்சி பல மாநிலங்களில் முந்துபவருக்கே மொத்தத்தையும் கொடுத்துவிடுகிறது. 2016-இல் தென் கரோலினாவில் டிரம்ப் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கு வாங்கி 50 பிரதிநிதிகளையும் அள்ளினார். இழுபறி தவிர்க்கப்படுகிறது, நிஜம். மீதி மூன்றில் இரண்டு பங்கினர் எங்கே போனார்கள் என்று கணக்கில் தேடினாலும் கிடைக்காது.

என் ஓட்டு 2018-இல் ஜனநாயகக் கட்சி செய்த திருத்தத்துக்கு. போட்டி இருந்தால் முதல் சுற்றில் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது; முடிவு வராவிட்டால் மட்டுமே அடுத்த சுற்றில் வாக்களிக்கலாம். ஒரே குறை: அக்கட்சி மாநாடு கடைசியாக முதல் சுற்றைத் தாண்டியது 1952-இல். விதி இன்னும் ஒருமுறைகூடக் களம் காணவில்லை.