கண்ணாடி மாற்றிய பிறகு: வாலிபால் கோர்ட்டில் ஒரு ஸ்லோமோஷன் போன்

போன வாரம்தான் கேமரா கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தேன். ஸ்மாஷ் ஒன்று நேராக வந்து ட்ரைபாடையும் போனையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. கடைக்காரர் வாங்கிய காசுக்கு ஒரு புது வலை வாங்கியிருக்கலாம். அந்த எரிச்சலில் இருந்தபோது தாராபுரம் பக்கம் பெண்களுக்குக் கபடி சொல்லித்தரும் தங்கச்சி ஒருத்தி கூப்பிட்டாள். "ஏனுங்க்கா, உங்க போனு வெல எறங்கிருச்சாமா, வாங்கட்டுங்களா?" அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மாடல் பெயர் வேண்டாம். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் எந்த போனுக்கும் இதில் பாதி பொருந்தும். மீதி என் போனுக்கே உரிய கிறுக்கு.

நான் உடுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.இ.டி. டீச்சர். செம்மண் கோர்ட், சாயங்காலப் பயிற்சி. போனை வாங்கியது பிள்ளைகள் தரையிறங்குவதைப் பார்க்கத்தான். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல்., அதாவது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்துவைத்திருக்கும் நார், கிழிவது அதிகம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதிலும் பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ போய்விடுகிறது. ஹேண்ட்பால் (கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம், நம் வாலிபால் இல்லை), கூடைப்பந்து ஆட்டங்களில் வீடியோவில் பதிவான பத்துக் காயங்களை ஆஸ்லோ ஆய்வுக் குழு ஒன்று பிரேம் பிரேமாகப் பிரித்துப் பார்த்து 2010இல் எழுதியது. எல்லாமே பெண்களுக்கு ஏற்பட்டவை. கால் தரையில் பட்டு ஏறக்குறைய 40 மில்லிசெகண்டுக்குள் முழங்கால் உள்பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அது ஒரே ஒரு படம். 240இல் ஒன்பது பத்துப் படம் கிடைக்கும். வெறும் கண்ணுக்கு எதுவுமே கிடைக்காது. "முட்டியை உள்ள விடாதே கண்ணு" என்று வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தோமே, அது முடிந்துபோன காரியத்தைப் பார்த்துக் கத்தியது.

அளவெடுக்க ஏற்பாடு ஒன்றும் பெரிதில்லை. பெண்கள் வாலிபாலில் வலையின் உச்சி 2.24 மீட்டர், வலையின் அகலம் ஒரு மீட்டர். அதனால் அடியில் தாராளமாக இடம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் முழங்கால் உயரத்தில் போனை வைத்தால், ஸ்மாஷ் அடிப்பவளின் கால்கள் வலைக்கடியில் முழுசாகத் தெரியும். (பந்து வந்து விழுவதும் அதே இடத்தில்தான். கண்ணாடி போன கதை அது.) அடையாளத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு, இருப்பதிலேயே பெரிய சைஸ்: முட்டிச்சில்லில் ஒன்று, கணுக்காலில் ஒன்று, ஷார்ட்ஸின் மேல் இடுப்புப் பக்கம் ஒன்று. வேர்த்தால் உதிர்ந்துவிடும், அட்டையோடு பையில் வைத்திருக்க வேண்டும். முகம் வராமல்தான் எடுக்கிறேன், அன்றைக்கே பிள்ளைகளிடம் காட்டிவிட்டு அழித்துவிடுகிறேன். அம்மாக்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வலது கையால் அடிக்கும் பிள்ளை ஒருத்தி எப்போதும் இடது காலில் மட்டும் இறங்குவாள், முட்டி உள்ளே சாயும். ஸ்குவாட், ஒற்றைக்கால் பயிற்சி, பிட்டத் தசைக்கு ரப்பர் பட்டை என்று எல்லாம் கொடுத்தாயிற்று, அசையவில்லை. ஸ்லோமோஷனை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காலுக்கு வெகு முன்பே கதை தொடங்கிவிடுகிறது. செட்டர் தூக்கித் தரும் பந்து அவள் தலைக்குப் பின்னால் போகிறது. அதை எட்ட உடம்பை இடது பக்கம் வளைக்கிறாள், வளைந்தபடியே இறங்கும்போது முழுப் பாரமும் அந்த ஒரு காலுக்குப் போகிறது. திருத்த வேண்டியது செட்டரின் விரல்களை! அவளை அரை அடி முன்னால் தூக்கச் சொன்னேன், இவள் இரண்டு காலில் இறங்க ஆரம்பித்தாள். இந்த ஒன்றுக்காகவே போனுக்குக் கொடுத்த காசு செரித்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

குதிக்கும் உயரமும் இதிலேயே கிடைக்கும். காற்றில் இருந்த நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, 9.81ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். அரை நொடி என்றால் சுமார் 31 சென்டிமீட்டர். அங்கே ஒரு பிரேம் தவறினால் 240இல் அரை சென்டிமீட்டர்தான் பிசகும். 30இல் நான்கு சென்டிமீட்டர். ஆனால் இறங்கும்போது முட்டியை மடக்கிக்கொண்டால் நேரம் நீண்டு உயரம் கூடுதலாகக் காட்டும். இதை நான் சொல்லித்தரவில்லை, பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள், திருட்டுக் கழுதைகள்.

சரி, இனி வசவு. இந்த போன் எடுத்த வீடியோ முழுவதையும் மெதுவாக ஓட்டாது. முதல் கொஞ்சமும் கடைசிக் கொஞ்சமும் சாதாரண வேகம், நடுவில் மட்டும் ஸ்லோமோஷன். கல்யாண வீட்டில் பூத்தூவுவதை எடுப்பவருக்கு அழகாக இருக்கலாம். எனக்கு வேண்டியது தரையிறங்கும் கணம், அது எப்போதும் கடைசியில்தான் வரும். குதிப்பது அரை நிமிஷம் ஓடுகிற மாதிரி ஆடி அசைந்து போகும், கால் தரையைத் தொடும் நேரம் பார்த்து 'பொத்'தென்று சாதாரண வேகத்துக்குத் தாவிவிடும். எடிட் திரையில் போய் இரண்டு கோடுகளைக் கையால் நகர்த்தினால் சரியாகும், ஒவ்வொரு வீடியோவுக்கும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்க, வேர்த்த விரலால் அந்தக் கோட்டைப் பிடிப்பது ஒரு தனிப் பயிற்சி. இறங்கிய பிறகும் சில நொடி விட்டு நிறுத்துவது இன்னொரு வழி. பிள்ளைகள் நானே நிறுத்துகிறேன் டீச்சர் என்று ஆர்வத்தில் பட்டனை அமுக்கிவிடுவார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நசுங்கிய வீடியோதான் போகும், பிரேம் எண்ணவே முடியாது. கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன், கருத்துக்கு நன்றி என்று வந்தது.

இரண்டாவது, விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, 240 பிரேமுக்குத் தெரியும். படம் துடித்துக்கொண்டே இருக்கும், பொட்டு எங்கே என்று தேட வேண்டும். நல்ல டிரைவர் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் சின்னப் பெட்டி) போட்ட எல்.இ.டி. என்றால் தொல்லையில்லை, நம் பள்ளிகளில் யார் அதைப் போடுகிறார்கள்? ஆடிக் காற்றில் ட்ரைபாட் நிற்காததை போனின் கணக்கில் எழுதமாட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே குடியிருந்துகொண்டு அதைக் கேட்க முடியாது.

தங்கச்சிக்கு இன்னொன்றும் சொன்னேன். வீடியோவைப் பார்த்து இவளுக்கு ஏ.சி.எல். கிழியும், அவளுக்குக் கிழியாது என்று ஜோசியம் சொல்லிவிடாதே. பெட்டி மேலிருந்து குதிக்கவைத்து முட்டியைப் பார்க்கும் சோதனையை நார்வேயின் முன்னணிக் கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகளிடம் செய்து, பிறகு யாருக்குக் காயம் வந்தது என்று பார்த்தார்கள். முன்கூட்டியே பிரித்துச் சொல்ல அது உதவவில்லை என்று 2016இல் எழுதினார்கள். பலன் தருவது பயிற்சிதான். காயம் வராமலிருக்கக் கால்பந்துக்காரர்கள் செய்யும் ஃபிஃபா 11+ மாதிரி இருபது நிமிஷ வார்ம்அப், இறங்கப் பழகுவது, தொடைப் பின்தசைக்கு நார்டிக் (மண்டியிட்டு மெதுவாக முன்னால் சாயும் பயிற்சி), வாரம் இரண்டு மூன்று நாள், எல்லோருக்கும். அதற்கு போனே தேவையில்லை.

அவள் கபடி, உள்ளரங்கில் மேட், மேலே பழைய ட்யூப்லைட். ரெய்டுக்குப் போகிறவள் திரும்பும் திசை முன்கூட்டியே தெரியாது, கேமராவை எந்தப் பக்கம் வைப்பாய்? ஆகவே வேண்டாம் சாமி, விலை இன்னும் பாதி குறைந்தாலும் வாங்காதே என்றேன். கையில் இருக்கும் போனில் 60 பிரேம் வரும், முட்டி சாய்கிறதா என்று பார்க்க அது போதும். மிச்சக் காசுக்கு மேட்டின் பிய்ந்த ஓரங்களை ஒட்டு.

"அப்ப உங்க போன எனக்கே குடுத்துருங்க்கா" என்றாள். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.