புதிய தேரைக்கு முதல் இருப்பிடம்: காகிதம் விரித்த பெட்டியா, செடி வைத்த கண்ணாடித் தொட்டியா?

அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் தேரைகளில் பல, வளர்ப்புக் கூடங்களில் பிறந்தவை அல்ல. தென்கிழக்கு மாநிலங்களில் பிடிக்கப்படும் ‘சதர்ன் டோட்’ தேரைகள், பிடித்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று கை மாறி, வழியில் வேறு தவளைகளோடு ஒரே ஈரத்தில் கிடந்துதான் நம் வீட்டுக்கு வருகின்றன. வழியில் நோயோ புழுவோ தொற்றியிருக்கலாம். ஆகவே புதிய தேரையை, வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்க்காமல், குறைந்தது 30 நாட்களாவது, கூடுமானால் 60 முதல் 90 நாட்கள் வரையிலும், வேறு அறையில் தனித்து வைத்திருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் யாரும் மறுப்பதில்லை. கருத்து வேறுபாடெல்லாம் எதில் வைப்பது என்பதில்தான். சதர்ன் தேரைகளை வாங்கியபோது நானும் இந்தத் தேர்வைச் செய்ய வேண்டியிருந்தது. பேப்பர் டவல் விரித்த வெறும் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பில் இருப்பது மண்ணும் பாசியும் செடியும் மரப்பட்டையும் நிறைந்த கண்ணாடித் தொட்டி. அதன் நியாயம் சிறியதல்ல. பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்புறமாகவே உள்ளே இறங்கிப் பகலைக் கழிப்பது தேரையின் இயல்பு. பயணத்தில் மிரண்டு வந்த தேரைக்கு மறைவிடம் கிடைத்தால் அது விரைவில் இரை எடுக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில், பெட்டியில் தென்னை நார்த் தூளை மட்டும் நிரப்பி வைக்கும் வழக்கமும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக ஏற்றுமதியாகும் அதே தூள்தான் இங்கே ஊர்வனவற்றுக்கான படுகை என்ற பெயரில் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. விலையிலும் எடையிலும் பெட்டி மேல், அழகில் தொட்டி மேல் என்பதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

என்னைப் பொறுத்தவரை தேர்வை முடிவு செய்வது ஒன்றுதான்: தேரை இட்ட எச்சம் அதன் வயிற்றுக்கு அடியில் எத்தனை நேரம் கிடக்கிறது என்பது. காட்டில் பிடித்த தேரைகளின் நுரையீரலில் ‘ராப்டியாஸ்’ என்ற உருளைப்புழு இருப்பது சாதாரணம். அந்தப் புழு இடும் முட்டைகள் மூச்சுக்குழல் வழியாக வாய்க்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலைக் கடந்து, எச்சத்தோடு இளம்புழுக்களாக வெளியேறுகின்றன. நத்தையோ பூச்சியோ இடையில் தேவையில்லை. ஈரமான மண்ணிலேயே அவை வளர்ந்து, அங்கேயே ஒரு தலைமுறை இனப்பெருக்கமும் செய்து, அதன் பிறகு பிறக்கும் புழுக்கள் தேரையின் தோலைத் துளைத்து உள்ளே போய் மீண்டும் நுரையீரலைச் சேர்கின்றன. காட்டுத் தேரை எச்சமிட்ட இடத்தை விட்டு நகர்ந்துவிடும் என்பதால், அதன் உடலில் புழுக்கள் சிலவாகவே இருந்து, அதைப் பெரிதும் வருத்தாமல் போகலாம். தொட்டித் தேரைக்கோ அந்த மண்ணைத் தவிர வேறு மண் இல்லை. ஒரே தேரையின் எச்சத்திலிருந்து வந்த புழுக்கள் அதே தேரைக்குள் மறுபடியும் மறுபடியும் நுழைய, நாளடைவில் அது மெலிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் மருந்து கொடுத்தாலும், அதைச் சுற்றியுள்ள மண்ணுக்கு மருந்து கொடுக்க வழியில்லை.

காகிதத்தை நாள்தோறும் மாற்றினால் இந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. வெள்ளைக் காகிதத்தின் மேல் எச்சம் விரற்கடை நீளத்துக்குக் கருமையாக, இரையான சுவர்க்கோழிப் பூச்சியின் கால்களும் வண்டின் ஓட்டுத் துண்டுகளும் துருத்திக்கொண்டு, கண்ணுக்குத் தப்பாமல் கிடக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துச் சிறு புட்டியில் அடைத்து, காய்வதற்கு முன் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால், நுண்ணோக்கியில் இளம்புழுக்கள் நெளிவதைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஒரு முறை ஒன்றும் தெரியவில்லை என்பதால் புழுவே இல்லை என்று கொள்ளக் கூடாது. சில வார இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். மண்ணிட்ட தொட்டியில் எச்சத்தைக் கண்டெடுப்பதே பெரும்பாடு. அப்படியே கிடைத்தாலும், மண்ணில் இயல்பாகவே வாழும் புழுக்கள் அதில் கலந்திருக்கும் என்பதால் பரிசோதனை குழப்பத்தையே தரும்.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் உள்ள மெல்லிய தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. அது உட்கார்ந்திருக்கும் தரையிலிருந்தே குடிக்கிறது என்பதால் தரையில் தேங்கும் சிறுநீரின் அம்மோனியாவும் அதன் உடலுக்குள் போகிறது. அதனால் காகிதம் மணமோ அச்சோ இல்லாததாக இருக்க வேண்டும். தண்ணீரும் குளோரின் நீக்கியதாக இருக்க வேண்டும். குழாய் நீரில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) சேர்க்கும் ஊர்களில் ஓர் இரவு திறந்து வைத்தால் போதாது, அதை நீக்கும் கரைசலைக் கலக்க வேண்டும்.

பூஞ்சை விஷயத்திலும் பெட்டியே எளிது. உலகெங்கும் நீர்நில வாழ்வனவற்றை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை கிழக்காசியாவில் தோன்றிப் பரவியது என்பதை 2018-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ‘ஃபயர்-பெல்லீட் டோட்’, வயிறு சிவந்து மிளிரும் அழகுக்காக இன்றும் வாங்கப்படும் சிறு தேரை. விற்பனைக்கு வந்த அந்தத் தேரைகளிலும் பூஞ்சை கண்டறியப்பட்டிருக்கிறது. பெட்டியை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்தால் பூஞ்சை மிஞ்சாது. நான் ஒரே அளவில் இரண்டு பெட்டிகள் வைத்துக்கொண்டு, ஒன்று காயும்போது தேரையை மற்றதில் விடுகிறேன். தொட்டியில் நோய் புகுந்துவிட்டால் மண், செடி, பாசி, மரப்பட்டை அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். செலவைவிட, அதற்கு மனம் வராமல் பாதியை வைத்துக்கொள்ளும் ஆசைதான் ஆபத்து.

வெறும் பெட்டி தேரைக்குக் கொடுமை என்ற வாதத்துக்கு, பெட்டியை அமைக்கும் முறையிலேயே பதில் இருக்கிறது. 20 லிட்டர் அளவுள்ள, கொக்கி மூடி கொண்ட பெட்டி ஒரு தேரைக்குப் போதும். காற்றுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் பிசிறு உள்பக்கம் நின்று, முட்டி மோதும் தேரையின் மூக்கைக் கிழித்துவிடும். பக்கச் சுவர்களை வெளியே காகிதம் ஒட்டி மறைத்தால் அந்த முட்டலும் குறையும். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பூத்தொட்டியைக் கவிழ்த்து, அதற்குள் நனைத்த பேப்பர் டவலைக் கசக்கித் தளர்வாக வைத்தால் தேரை அதற்குள் புகுந்து, மண்ணில் இறங்குவதைப் போலவே பின்பக்கமாக அமுங்கி உட்கார்ந்துகொள்ளும். தின்னாமல் விட்ட சுவர்க்கோழிப் பூச்சிகளை அன்று இரவே எடுத்துவிட வேண்டும். அவை தூங்கும் தேரையின் தோலைக் கடிக்கும்.

மாதக்கணக்கில் மண்ணுக்குள் புதைந்து வாழும் ‘ஸ்பேட்ஃபுட்’ தேரை வகைகளை நான் வளர்த்ததில்லை. அவற்றைக் காகிதத்தில் நீண்ட நாள் வைப்பது சரிதானா என்பதை அவற்றை வளர்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அங்கே, அடிக்கடி மாற்றக்கூடிய அளவுக்கு மெல்லியதாகப் பரப்பிய தென்னை நார்த் தூள் நியாயமான சமரசமாகலாம். சதர்ன் டோட் போன்ற தேரைகளுக்கு அந்தச் சமரசம் தேவையில்லை. எச்சப் பரிசோதனைகள் தொடர்ந்து சுத்தமாக வந்து, எடை குறையாமல் நின்றபின், மண்ணும் செடியும் உள்ள தொட்டி அவற்றுக்கு நிச்சயம் உரியது.

வீட்டில் மூத்த தேரைகள் இருந்தால் நாள்தோறும் அவற்றைக் கவனித்து முடித்த பிறகே புதிய பெட்டியைத் திறக்க வேண்டும். கரண்டி, கிண்ணம், கையுறை எல்லாம் அந்தப் பெட்டிக்கென்று தனியாக இருக்கட்டும். தேரையின் தோல் நஞ்சும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவும் கையில் ஒட்டும் என்பதால் சோப்புப் போட்டுக் கைகழுவுவது கட்டாயம். பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவது கூடாது. கழுவிய தண்ணீரைத் தோட்டத்திலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றாமல், பிளீச் கலந்து சற்று நேரம் வைத்திருந்து கழிப்பறையில் ஊற்றுங்கள். வெளியே வாழும் தேரைகளுக்குத் தனிமைப் பெட்டி கிடையாது.