புகையில்லா ஃபயர் பிட்: பெட்டியில் போட்டிருப்பதில் பாதி உண்மை

இரட்டைச் சுவர் வைத்த ஸ்டீல் ஃபயர் பிட், அதாவது வீட்டுக்கு வெளியே விறகு மூட்டும் தொட்டி. ‘புகையே வராது, எங்கு வேண்டுமானாலும் எரிக்கலாம்’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாவது வெறும் வியாபாரம்.

அடித்துளை வழியாகப் போகும் காற்று இரண்டு சுவருக்கும் நடுவே சூடேறி, மேல்விளிம்புத் துளைகளில் வெளியே வருகிறது. அது பட்டதும் புகையே பற்றி எரிந்துவிடுகிறது. ஆனால் விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே. மேல்துளைகளை மறைக்கும்படி அடுக்கினாலும் புகைதான். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடி இருக்கிறது. இதுவரை அவர் முகம் சுளிக்கவில்லை, எனக்கு அது போதும்.

சரி, ‘எங்கு வேண்டுமானாலும்’? அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான இன்டர்நேஷனல் ஃபயர் கோட், வெறுந்தரையில் மூட்டும் பொழுதுபோக்குத் தீக்குக் கட்டடத்திலிருந்து 25 அடி இடைவெளி கேட்கிறது. விறகுக் குவியல் 3 அடி அகலம், 2 அடி உயரம் தாண்டக்கூடாது. இது போன்ற தூக்கிச் செல்லும் வகைக்கு 15 அடி. ஒன்றிரண்டு குடும்பம் வசிக்கும் வீடுகளுக்கு இந்த 15 அடியிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், வாங்குமுன் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் வறண்ட நாளில் எரிப்புத் தடை போட்டால், ‘புகையில்லா’ முத்திரையைக் காட்டித் தப்பிக்க முடியாது. சில ஊர்களில் எரிவாயு மாடலுக்கு மட்டும் சலுகை தருகிறார்கள். குப்பையையும் பெயின்ட் அடித்த பலகையையும் இதில் போடவே போடாதீர்கள்.

குறைகளும் உண்டு. தீப்பொறி வலையும் அடித்தாங்கியும் தனியாக வாங்க வேண்டும். தாங்கி இல்லாமல் வைத்தால் கீழே புல் கருகிவிடும், மரத்தளத்தில் வைக்கவே கூடாது. சாம்பலை எடுக்க முழுசாகக் கவிழ்க்க வேண்டும்.

பெரிய தலைவலி அணைப்பதுதான். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் ஸ்டீல் நெளிந்துவிடும், தானாக அணையட்டும் என்கிறது கையேடு. தீ முழுக்க அணையும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மணலோ தண்ணீர்க்குழாயோ தயாராக இருக்க வேண்டும் என்கிறது விதி. இரண்டையும் மதித்தால் விருந்தாளிகள் கிளம்பிய பிறகும் நீங்கள் கங்குக்குக் காவல். அதனால் கடைசிக் கட்டையைச் சீக்கிரமே போட்டுவிடுங்கள். அப்புறம் யார் கேட்டாலும் ‘இன்னும் ஒன்று’ கிடையாது.