மறுவாழ்வு அறிவியலில் பிஎச்டி: கனடாவா, ஆஸ்திரேலியாவா, இங்கேயேவா?

எம்பிடி (பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு) முடித்த பிசியோதெரபிஸ்டுகள் பலருக்கு அமெரிக்காவின் டிபிடி படிப்பும் பிஎச்டியும் ஒன்றுதான் என்ற எண்ணம் இருக்கிறது. டிபிடி என்பது அங்கே பிசியோவாகப் பணிபுரிவதற்கான, சுமார் 3 ஆண்டுத் தொழிற்படிப்பு. நோயாளிகளோடு இருப்பதுதான் விருப்பம் என்றால் அது நல்ல வழி. ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் பிஎச்டிக்குப் போக வேண்டும்.

கனடாவின் பலம், ஒரே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்வது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத்திறனை 5 நிலைகளாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ், நம் ஊர் சிகிச்சை அறைகளிலும் புழங்குகிறது. அது 1997-ல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கேன்சைல்ட் மையத்திலிருந்து வந்தது. அதே குழு ஒன்டாரியோவின் 657 குழந்தைகளைக் கவனித்து, 2002-ல் இயக்க வளர்ச்சி வரைகோடுகளை வெளியிட்டது. "என் பிள்ளை நடப்பானா?" என்று கேட்கும் தாய்க்கு ஊகமாக இல்லாமல் தரவை வைத்துப் பதில் சொல்ல இது வழிசெய்தது. இந்த வகை ஆய்வைக் கற்க கனடாவைத்தான் நான் முதலில் சொல்வேன். கோர்ஸ் வொர்க், தகுதித் தேர்வு, ஆய்வை மேற்பார்வையிடும் குழு எல்லாம் உண்டு. 4 ஆண்டுகளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் நேரடியாக ஆய்வுதான், 3 முதல் 4 ஆண்டுகள். பிசியோ ஆய்வுகளைத் திரட்டும் பெட்ரோ தரவுத்தளம் 1999-ல் சிட்னியில்தான் தொடங்கியது. சிகிச்சை பலன் தருகிறதா என்று சோதிக்கும் முறையைக் கற்க நல்ல இடம். ஆனால் ஆய்வுக் கேள்வி தெளிவாகாமலே அங்கே போனால் முதல் ஆண்டே கையைவிட்டுப் போய்விடும்.

சரி, இங்கே? இதை இரண்டாம்பட்சமாகப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1966-ல் வேலூர் சிஎம்சியில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். ஐஐடி மெட்ராஸில் மறுவாழ்வுக் கருவிகளை உருவாக்கும் ஆர்2டி2 மையம் 2019-ல் 'அரைஸ்' என்ற, எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியைத் தந்தது. 2022-ல் 'கடம்' செயற்கை முழங்கால் வந்தது. 160 டிகிரி வரை மடங்குவதால் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் காலை மடக்கி உட்கார முடியும். தரையில் அமர்வது, குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறை, மேடுபள்ளமான தெரு: இவைதான் உங்கள் கேள்வி என்றால், அதற்கான நோயாளிகள் டொரண்டோவில் எங்கே கிடைப்பார்கள்?

யுஜிசியின் 2022 விதிப்படி 3 முதல் 6 ஆண்டுகளில் முடிக்கலாம், பகுதிநேரமாகவும் படிக்கலாம். ஆனால் நாள் முழுக்க ஓபி பார்த்துவிட்டு இரவில் ஆராய்ச்சி செய்வது நிறைய பேரைச் சோர்வடைய வைக்கிறது. வாரத்தில் ஒரு முழு நாளாவது ஆய்வுக்கு விடுவதாக மருத்துவமனை எழுதிக் கொடுத்தால் மட்டும் சேருங்கள்.

எந்த நாடானாலும், பணம் கட்டும் முன் அந்த கைடிடம் படித்து முடித்தவர்களைத் தேடிப் பேசுங்கள். நோயாளிகளை எங்கிருந்து சேர்த்தார்கள், எத்தனை ஆண்டு பிடித்தது, இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.