கார்புரேட்டர் ஜிப்சிக்கு இன்ஜெக்‌ஷன்: ஆக்சிஜன் சென்சாரை எங்கே மாட்டுவது?

பழைய கார்புரேட்டர் ஜிப்சியை, அந்த 1298 சிசி நாலு சிலிண்டர் வண்டியை, இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுகிறவர்கள் இசியு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டர்), பம்ப், இன்ஜெக்டர் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து இசியுவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் என்றால் மட்டும் "வெல்டருக்கு எங்க வசதியோ அங்க போட்டுக்கலாம்ணே" என்று முடித்துவிடுவார்கள். ட்யூனிங் தொல்லையில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் இடம், இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஏதாவது ஒரு சிலிண்டரின் வாய்க்குப் பக்கத்தில். சீக்கிரம் சூடாகும் என்பது உண்மைதான். ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் சென்சார் 300 டிகிரியைத் தாண்டினால்தான் வேலையே செய்யும், அதற்கு இந்தச் சூடு தேவை. ஆனால் அது பார்ப்பது ஒரு சிலிண்டரை மட்டும். கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் உட்கார்ந்தால் நாலு சிலிண்டருக்கும் பெட்ரோல் சமமாகப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒன்றைப் பார்த்துவிட்டு மூன்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொன்னால் எப்படி? காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் என்றால் அதிகச் சூடே எமன்.

கடைசியிலிருந்து பார்த்தால், சைலன்சர் வாய். தற்காலிகமாகச் செருகி ரீடிங் பார்க்கலாம், நிரந்தரமாக வேண்டாம். ஐடிலில் வெளிக்காற்று உள்ளே ஏறி லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று காட்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் கூடாது, மிச்ச ஆக்சிஜனை அது தின்றுவிட்டுத்தான் அனுப்பும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: நாலு குழாயும் ஒன்றுசேர்ந்து ஃபிளேன்ஜ் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் தகடு) தாண்டியவுடனா, இல்லை இன்னும் பின்னால் தள்ளி ஃப்ளோருக்கு அடியிலா? ஃப்ளோருக்கு அடியில் வெல்டிங் சுலபம், சென்சாருக்குச் சூடும் குறைவு. ஆனால் புகை அங்கே வந்து சேர நேரமாகும், இசியு பழைய சேதிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், ஐடில் ஏறி இறங்கும். அதைவிட முக்கியம், இது ஜிப்சி. ஆற்றில் இறக்குவீர்கள். கொதிக்கிற சென்சார்மேல் தண்ணீர் அடித்தால் உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விட்டுவிடும்.

என் ஓட்டு ஃபிளேன்ஜுக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, குழாயின் மேல்பக்கம். நாலு சிலிண்டர் புகையும் கலந்திருக்கும், சூடும் அளவாக இருக்கும். ஒரு நிபந்தனை உண்டு, அதற்கு மேலே உள்ள கேஸ்கெட்டும் மேனிஃபோல்டும் ஒழுகவே கூடாது. சின்ன விரிசல் போதும், துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்றை உறிஞ்சும், சென்சார் "லீன், லீன்" என்று கத்தும், இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். லேப்டாப் திரையில் காற்று-பெட்ரோல் விகிதம் 16 என்று லீனாக ஓடும், பிளக்கைக் கழற்றினால் கரி படிந்து கன்னங்கரேல் என்றிருக்கும். மிஸ்ஃபயரிலும் இதே நாடகம்தான், எரியாமல் போன ஆக்சிஜனும் கணக்கில் வந்துவிடும்.

சென்சாரைப் படுக்கவைக்கவும் கூடாது, தலைகீழாக மாட்டவும் கூடாது. வயர் பக்கம் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே தூக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயில் சேர்ந்த தண்ணீர் முனையிலேயே தேங்கும். மரை 18க்கு 1.5 மி.மீ., சென்சார் மாட்டும் வளையத்தை லேத்தில் கடைந்து வாங்கி, சென்சார் இல்லாமல் வெல்டிங் வைத்து, மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்த பிறகு மாட்டுங்கள். அதே அளவில் ஒரு பிளக் போல்ட்டும் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். வயரிங் முடியும் முன்னால் வண்டியை ஓட்ட வேண்டி வந்தால் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த போல்ட்டைப் போடுங்கள், ஹீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் புகையில் நிற்கும் சென்சார் கரி பிடித்துச் செத்துவிடும்.