ஓயாமல் அடிப்பவருக்கு எதிராக: திருப்பி ரெய்ஸா, பேசாமல் காலா?

போக்கரின் ஹோல்டம் வகையில் ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அந்த மேசையில் ஒருவர் இரண்டு கைக்கு ஒரு கை ரெய்ஸ் போடுகிறார், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறார். ஃபிளாப் (முதல் மூன்று பொதுச்சீட்டு) எதுவானாலும் பெட் (பந்தயம்), டர்னிலும் (நான்காவது சீட்டு) பெட், ரிவரில் (ஐந்தாவது சீட்டு) இன்னும் பெரிய பெட். இந்த மாதிரி மேனியாக்கைச் சமாளிக்க மூன்று வழிகள் சொல்வார்கள். நல்ல சீட்டு வரும்வரை ஒதுங்கி இருப்பது ஒன்று. அவர் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் போட்டு அடக்குவது இன்னொன்று. நடுத்தரக் கையை வைத்துக்கொண்டு கால் போட்டபடியே (அவர் பெட்டுக்குச் சமமாக மட்டும் கட்டியபடியே) ரிவர் வரை போவது மூன்றாவது. மூன்றையும் ஆடிப் பார்த்தபின் நான் கால் பக்கம் வந்துவிட்டேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. நான் பேசுவது நேரில் உட்கார்ந்து ஆடும் நோ-லிமிட் (பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத) ஹோல்டம் பற்றி மட்டும்.

ஒதுங்கி இருப்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மொத்தம் 1326 விதமான இரு சீட்டுக் கைகள் வரலாம். ஜோடி ஆஸ், ஜோடி ராஜா, ஜோடி ராணி, ஆஸ்-ராஜா நான்கையும் கூட்டினால் 34. ஏறக்குறைய 39 கைக்கு ஒருமுறைதான் இவற்றில் ஒன்று கிடைக்கும். நேரடி ஆட்டத்தில் மணிக்கு முப்பது கை ஓடினாலே பெரிது. நீங்கள் காத்திருக்கும் அந்த நேரத்தில் மேனியாக்கின் சிப்ஸ் உங்களுக்காகக் காத்திருக்காது, பக்கத்து இருக்கைக்காரர் வாரிக்கொண்டு போய்விடுவார்.

திருப்பி ரெய்ஸ் போடும் வழிக்கு நிறைய ரசிகர்கள் உண்டு. அதில் ஒரு கெத்து இருக்கிறது. ஆஸ்-ஐந்து ஒரே சின்னத்தில் வந்தால் அதை வைத்து மிரட்டலாம், கையில் ஓர் ஆஸ் இருப்பதால் அவரிடம் ஜோடி ஆஸ் இருக்கும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகவும், ஆஸ்-ராஜா பதினாறிலிருந்து பன்னிரண்டாகவும் குறைகின்றன என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் பாதிக்குப் பாதி கைகளை ஆடுகிறவரிடம் இருப்பது 660-க்கு மேற்பட்ட சேர்க்கைகள். அதில் ஏழு குறைந்து என்ன ஆகப்போகிறது? அதோடு, ஒருமுறை ரெய்ஸ் போட்டுவிட்டால் ஃபிளாப்புக்கு முன் ஃபோல்ட் செய்யும் (சீட்டை வீசி விலகும்) பழக்கமே இல்லாதவரை மிரட்டி என்ன பயன்?

ஃபிளாப்புக்கு முன் ரெய்ஸ் கூடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அவர் எதையும் வைத்து கால் போடுவார் என்றால் ஆஸ்-ஜாக்கி, ராஜா-ராணி, ஜோடி ஒன்பது வைத்தே தாராளமாக ரீ-ரெய்ஸ் போடுங்கள். மட்டமான கைகள் காசு கட்டி உள்ளே வருகின்றன, மற்றவர்கள் விலகுகிறார்கள், மேனியாக்கோடு நீங்கள் தனியாக மாட்டுகிறீர்கள். வேண்டியதும் அதுதான். வழிகள் பிரிவது ஃபிளாப்புக்குப் பிறகு.

இந்த அலசலில் தீர்மானிக்கும் விஷயம் ஒன்றுதான்: உங்கள் ரெய்ஸுக்குப் பிறகு எந்தக் கைகளோடு அவர் ஆட்டத்தில் மிச்சம் இருக்கிறார்? ஓர் எடுத்துக்காட்டு. ரிவரில் பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் சிப்ஸ்) 1000, அவர் 750 பெட் போடுகிறார். உங்களிடம் இரண்டாம் ஜோடி, அதாவது பொதுச்சீட்டுகளில் இரண்டாவது பெரியதோடு சேர்ந்த ஜோடி. 750 கட்டினால் மொத்தம் 2500 ஆகும்; ஆக, நூற்றுக்கு முப்பது முறை நீங்கள் ஜெயித்தால் கைக்கு நஷ்டமில்லை. சாதாரண ஆட்டக்காரர் இந்த இடத்தில் நல்ல கை இருபதுக்கு பிளஃப் (வெறும் மிரட்டல்) ஐந்து என்று வருவார். உங்கள் வாய்ப்பு இருபது சதவீதம், மறுபேச்சில்லாமல் ஃபோல்ட். மேனியாக் நல்ல கை இருபதுக்கு பிளஃப் இருபதும் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். இப்போது கால் போட்டால் பாதி முறை 1750 வரவு, பாதி முறை 750 செலவு. சராசரியாகக் கைக்கு 500 லாபம்.

அதே கையை 2250-க்கு ரெய்ஸ் செய்யுங்கள். இருபது பிளஃபும் ஓடிவிடும். அதில் கிடைப்பது அதே 1750தான், ஒரு சிப் கூடுதல் இல்லை. நல்ல கை இருபதும் கால் போடும், நீங்கள் 750-க்குப் பதில் 2250 இழப்பீர்கள். சராசரி 250 நஷ்டம். ஒரே சீட்டு, ஒரே எதிராளி, 750 சிப்ஸ் வித்தியாசம். பொய் சொல்லிக்கொண்டிருப்பவரைப் பேசவிடாமல் வாயை அடைப்பதால் நமக்கு வரும்படி கிடையாது. டர்னில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்: அங்கே கால் போட்டால் ரிவரிலும் ஒரு பிளஃப் போட அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. கையில் நிஜமாகவே பெரிய சீட்டு இருந்தாலும் பல நேரம் நான் டர்னில் கால் மட்டும் போடுவது அதற்காகத்தான். போர்டில் (திறந்த பொதுச்சீட்டுகளில்) ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து), ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து) டிரா, அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் முழுமையடையும் கைகள், நிறையக் கிடந்தால் மட்டும் ரெய்ஸ்.

போக்கர் ஆட்டக்காரர் ஸ்டூ அங்கர், 1990 உலக போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட் (முதன்மைப் போட்டி) வென்ற மன்சூர் மட்லூபியோடு நேருக்கு நேர் ஆடிய கை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. போர்டில் 3-3-7-ராஜா-ராணி. மட்லூபி ரிவரில் மொத்தத்தையும் தள்ளினார். அங்கர் வெறும் 10-9 வைத்துக்கொண்டு கால் போட்டார். எதிரில் இருந்தது 4-5. மேசையிலேயே மூர்க்கமான ஆட்டக்காரர் என்று பேர் வாங்கிய அங்கர், அன்று எதிராளியின் பிளஃபைக் கால் போட்டுத்தான் பிடித்தார். பத்து ஹையோடு (கையில் பெரிய சீட்டே பத்து என்ற நிலையில்) கால் போடும் தைரியத்தை நகலெடுக்கச் சொல்லவில்லை. எனக்கு ஒரு ஜோடியாவது வேண்டும்.

எந்த ஜோடி என்பதிலும் கொஞ்சம் விஷயம் உண்டு. ஃபிளாப்பில் இரண்டு ஆர்டின் விழுந்து, கடைசிவரை மூன்றாவது வரவில்லை என்றால், அவருடைய பிளஃப்களில் பெரும்பங்கு தவறிப்போன ஆர்டின் டிராக்கள். உங்கள் கையில் ஆர்டின் இருந்தால் அவரிடம் அவை அந்த அளவுக்குக் குறைவு. ஆர்டின் இல்லாத ஜோடிதான் கால் போட உகந்தது.

இதற்கு விலை உண்டு. பத்தில் ஆறு முறை தோற்றாலும் மேலே சொன்ன கணக்கில் கைக்கு 250 லாபம். ஆனால் தோற்கும் அந்த ஆறும் எல்லோரும் பார்க்க நடக்கும். இரண்டாம் ஜோடியைக் காட்டிவிட்டுச் சிப்ஸைத் தள்ளிவிடும்போது மேசை உங்களைக் கத்துக்குட்டி என்று நினைக்கும். நினைக்கட்டும். அடுத்த பெட்டுக்கு வேண்டிய சிப்ஸ் கையிருப்பில் இருந்தால் போதும். முடிந்தால் அவருக்கு இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். ஆட்டம் வலஞ்சுழியாகப் போவதால் பெரும்பாலான கைகளில் அவர் முதலில் ஆடி முடித்தபின்தான் உங்கள் முறை வரும். பொசிஷன் (எதிராளிக்குப் பின் ஆடும் வசதி) இல்லாமல் கால் போட்டுக்கொண்டே போவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டோர்னமென்ட்டில் என் அனுபவம் குறைவு. என்றாலும் பதினைந்து பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயப் பெட்) அளவு சிப்ஸோடு ரிவர் வரை கால் போட இடமே கிடையாது, அங்கே ஃபிளாப்புக்கு முன்பே ஆல்-இன் (இருக்கும் சிப்ஸ் மொத்தமும்) தள்ளுவது மேல்.

இன்னொன்று, எல்லா மேனியாக்கும் மூன்று பெட்டும் போடுவதில்லை. சிலர் ஃபிளாப், டர்ன் இரண்டிலும் சீறிவிட்டு ரிவரில் அடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவர் ரிவரிலும் பெரிதாகப் பெட் போட்டால் என் கால் கணக்கு அங்கே செல்லாது, ஃபோல்ட்தான். நடுவில் அமைதியாக உட்கார்ந்திருந்த மூன்றாமவர் ஒருவர் எனக்கு முன் கால் போட்டுவிட்டாலும் அதே முடிவுதான். மேனியாக்கின் பிளஃபை என் இரண்டாம் ஜோடி ஜெயிக்கும், அந்த மூன்றாமவரை ஜெயிக்காது.