பிளவு இருந்த இடத்தில் ஒரு பல்: இம்ப்ளான்ட் வைத்து 2 ஆண்டுகள்

பிறக்கும்போதே எனக்கு இடப்பக்கம் உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. பிளவு ஈறு வழியாகவும் போனதால், கோரைப்பல்லுக்கு முன்னால் வரவேண்டிய வெட்டுப்பல் முளைக்கவே இல்லை. 15 வயதிலிருந்து கழற்றி மாட்டும் பல்தான். பேசப் பேசத் தட்டு அசையும், ‘ச’ வழுக்கும். 23 வயதில் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் நிற்கும் பல், வைத்துக்கொண்டேன்.

டைட்டானியம் திருகு வைப்பது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, வலியும் குறைவு. அதைத் தாங்க எலும்பு வேண்டுமே, பாடெல்லாம் அதற்குத்தான். 9 வயதில், கோரைப்பல் இறங்கும் முன்பே, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துப் பிளவில் வைத்திருந்தார்கள். பல் இல்லாமல் சும்மா கிடந்ததில் அது கரைந்து மெலிந்துவிட்டது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில்தான் தெரிந்தது. மறுபடி எலும்பு வைத்து 5 மாதம், திருகு எலும்போடு பிடிக்க இன்னொரு 5 மாதம், அப்புறம்தான் கிரவுன், அதாவது திருகின்மேல் பொருத்தும் பல். ஸ்கேனே எடுக்காமல் 16 வயதில் ‘அடுத்த வாரமே வைத்துவிடலாம்’ என்ற ஒரு கிளினிக்கிலிருந்து என் அம்மா என்னை எழுப்பிக் கூட்டிவந்தார். அன்று அழுதேன். வளரும் வயதில் பக்கத்துப் பற்கள் தாடையோடு இறங்கிக்கொண்டே வரும்; எலும்போடு இறுகிய இம்ப்ளான்ட் நகராது, மேலேயே தங்கிக் குட்டையாகத் தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது.

குறை ஈறில்தான். பழைய தழும்பு இருப்பதால் ஈறு நிரம்பவில்லை. கிரவுன் கொஞ்சம் நீளம், கோரைப்பல் பக்கம் சின்னக் கறுப்பு இடுக்கு. நான் சிரித்தால் உதடு அவ்வளவு ஏறாது, அதனால் தெரிவதில்லை. ஈறு தெரியச் சிரிப்பவர்கள் இதை முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். எலும்பு போதாதென்றால் கிளிப் போட்டுக் கோரைப்பல்லையே அந்த இடத்துக்கு நகர்த்தும் வழியும் உண்டு, அதையும் கேளுங்கள்.

1965-ல் ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க் முதன்முதலில் டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்த கோஸ்டா லார்சனுக்கும் அண்ணப் பிளவுதான். கீழ்த்தாடையில் வைத்தவை, 2006-ல் அவர் இறக்கும்வரை உழைத்தன. சிகிச்சைக்குக் காத்திருந்தபோது இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது.

இப்போது ‘ச’ சுத்தமாக வருகிறது. இடுக்கில் தினமும் சின்னப் பிரஷ் விட்டுத் தேய்க்கிறேன். இரண்டு நாள் விட்டாலே ஈறு சிவக்கிறது. அடுத்த மாதம் எக்ஸ்ரே. திருகைச் சுற்றி எலும்பு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.